கானாவுக்குக் கிடார் எதற்கு?

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடையில் 19 கலைஞர்கள் ஏறினார்கள். கானா பாடுகிறவர்கள், ராப் சொல்கிறவர்கள், பறையும் சட்டியும் கட்ட மோளமும் அடிக்கிறவர்கள். அவர்களோடு மின்கிடார், பேஸ், மேற்கத்திய டிரம்ஸ். குழுவுக்கு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது அது. பாடல்கள் இடஒதுக்கீட்டைப் பேசின, மாட்டுக்கறியைப் பேசின. ஆகவே எழுந்த விவாதத்தில் பெரும்பகுதி அரசியல் விவாதம். அதற்கு அடியில் ஓர் இசைக் கேள்வியும் ஓடிக்கொண்டிருந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் தெருக்களின் பாட்டை ராக் குழுவோடும், கணினியில் கட்டிய தாளத்தோடும், கறுப்பின அமெரிக்கர்களின் ஸோல் இசையோடும் கலந்தால் கிடைப்பது என்ன? கானாவின் வளர்ச்சியா, கானா போட்டுக்கொண்ட வேஷமா, இரண்டும் இல்லாத வேறொன்றா?

2018இல் பிறந்த கேள்வி அல்ல இது. கானாவைத் தேவா சினிமா வாத்தியக் குழுவுக்குள் கொண்டுவந்தபோது வேறு உருவத்தில் இருந்தது. பேட்டைத் தமிழை ஏ.ஆர். ரகுமான் மின்தாளத்தின் மேல் உட்காரவைத்தபோது இன்னோர் உருவத்தில் இருந்தது. பதில் சொன்னவர்கள் மாறியிருக்கிறார்கள். பதில்கள் அவ்வளவாக மாறவில்லை.

வேரைத் தேடியவர்கள்

மரபை முன்னிறுத்துகிறவர்களின் பதில் நேரடியானது. கானா சாவு வீட்டுப் பாட்டு. உடல் கிடக்கும் இரவில் உறவையும் தெருவையும் விழித்திருக்கவைக்கப் பாடப்படுவது. பதினாறாம் நாள் காரியத்தில் மறுபடி பாடப்படுவது. டோலக்கோ டேப்போ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெஞ்சுப் பலகையும் தகர டின்னும் போதும். இப்படிப்பட்ட பாட்டுக்குக் கிடார் அநாவசியம் என்பது இவர்கள் கட்சி.

இவர்கள் காட்டும் வேர்கள் பல. ஒன்று சித்தர் மரபு: பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது, உடம்பு நிலையாது என்று பாடும் கானாவில் அவர் குரல் கேட்பதாகச் சொல்வார்கள். இன்னொன்று குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகே 1792இல் பிறந்து, வட சென்னையில் வாழ்ந்து, 1838இல் மறைந்த சூஃபி அவர். தொண்டியார் இருந்த பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது என்று ஊர்வழக்கு சொல்லும். பிறகு எதிர்க்கட்சி கட்டிப் பாடும் லாவணி, ஒப்பாரி, செங்கல்பட்டு ஆர்க்காட்டுப் பக்கங்களிலிருந்து துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் மூட்டை தூக்க வந்த தலித் மக்களின் வேலைப்பாட்டு.

இந்தப் பட்டியலே தூய்மை பேசுவோருக்கு எதிர்ச்சாட்சி. 'கானா' என்ற சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. லாவணி மராட்டியர்களோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. மஸ்தான் சாகிபு இஸ்லாமியர். எழுதியது சித்தர் நடையில். கலப்பில்லாத கானாவைத் தேடிப் போனால் ஒவ்வொரு படியிலும் ஒரு கலப்புதான் எதிர்ப்படுகிறது. தவிர, 19ஆம் நூற்றாண்டுப் பக்கிரியிடமிருந்து 20ஆம் நூற்றாண்டுக் கானாப் பாடகருக்கு எது எப்படிக் கைமாறியது என்று காட்டும் எழுத்துச் சான்று மெலிது. வாய்மொழி மரபில் அது இயல்புதான். ஆனால் வாய்மொழி மரபு என்பதாலேயே எந்த வேரையும் ஒட்டிவிடலாம் என்ற சௌகரியமும் அதில் ஒளிந்திருக்கிறது.

ஊரையும் இசையையும் முடிச்சுப் போடுவதும் அப்படியொரு சௌகரியம். வடக்கு என்றால் கானா, மயிலாப்பூர் என்றால் கர்நாடக இசை என்ற வரைபடம் அவ்வளவு பழையதல்ல. தியாகராஜர் திருவொற்றியூர் வந்து திரிபுரசுந்தரி மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்றே பெயர் பெற்றவை. சபாக்கள் ஜார்ஜ் டவுன் பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் தெற்கே போய் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் கதை. வடக்கில் எஞ்சியதை வைத்து வடக்கின் இயல்பு இதுதான் என்று முடிவு கட்டுவது, காலியான வீட்டைப் பார்த்து அங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று சொல்வதைப் போன்றது.

ஆனாலும் வேர் தேடியவர்கள் சொல்வதில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. மரண கானாவில் ஒரு பெயர் வரும். இறந்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள், தெருவில் அவருக்கு இருந்த பட்டப்பெயர். பாடகர் இவற்றை அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டு மெட்டுக்குள் கோப்பார். மெட்டு எங்கிருந்தும் வரலாம், சினிமாவிலிருந்துகூட. பெயர் அந்த வீட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். கலப்பா தூய்மையா என்ற வாதத்தைவிட இது ஆழமான புள்ளி என்றே படுகிறது.

சினிமா ஏற்கெனவே செய்துவிட்டது என்போர்

இரண்டாவது கட்சிக்கு இந்த விவாதமே வீண். சினிமாவில் நடக்காத கலப்பா என்று கேட்பார்கள். 1950களிலேயே ஜே.பி. சந்திரபாபு மெட்ராஸ் பாஷையையும் மேற்கத்திய யோடலிங்கையும் ஒரே தொண்டையில் பாடிக்காட்டினார். 1990களில் தேவா கானாவை நாயகனின் பாட்டாக்கினார். 1994இல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பில் பேட்டைப் பேச்சு, ராப், மின்தாளம், தேனி குஞ்சரம்மாளின் கிராமத்துக் குரல் எல்லாம் ஒரே பாட்டுக்குள் இருந்தன. 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் திரையிலேயே தோன்றிப் பாடினார். 2012இல் 'அட்டகத்தி'யில் சந்தோஷ் நாராயணனும் கானா பாலாவும் சேர்ந்தபோது, அதுவரை கானாவுக்குப் பூசிவந்த திரையிசை மெருகு பெருமளவு உரிந்தது.

இந்தக் கட்சியின் பலம் தகவல்கள். 1980களின் திரையிசையில் டிஸ்கோவும் ஃபங்க்கும் பெயர் சொல்லாமலேயே வந்து உட்கார்ந்திருந்தன. தமிழ்க் காது அவற்றை அந்நியமாகக் கேட்கவில்லை. ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஒரு காட்சி துணையிருக்கிறது. குடிக்கிறவர்கள் ஆடுகிறார்கள், கல்லூரி மாணவர்கள் கலாட்டா செய்கிறார்கள், நாயகன் வருகிறான். கானா அங்கே ஒரு பாத்திரத்தின் அடையாளம். காட்சியில்லாத ஒலித்தட்டில், யார் பாடுகிறார், எதற்குப் பாடுகிறார் என்பதைப் பாட்டே சுமக்க வேண்டும். தனியிசைக் கலைஞர்கள் செய்யப் பார்த்தது இதைத்தான். ஆகவே 'ஏற்கெனவே நடந்தது' என்பது பாதி உண்மை.

ஆலைச் சங்குக் கோட்பாடு

மூன்றாவது பதில் கவர்ச்சியானது. எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லாதது. தொழிற்சாலை ஊரில் தொழிற்சாலைச் சத்தம்தான் இசையாகும், ஆகவே வட சென்னைக்கு ராக்கும் மின்னணு இசையும் அந்நியமல்ல என்பது அதன் சாரம்.

ஊர்ப்பெயர்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. விம்கோ நகர் என்ற பெயரே ஒரு கம்பெனியின் பெயர். ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துகள்தான் விம்கோ. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாக எம்ஆர்எஃப் பிறந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வேரூன்றிப் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1955இலிருந்து என்ஃபீல்டு. இதற்கு இணையாக டெட்ராய்ட்டைக் காட்டுவார்கள்: அங்கே கார் ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய கம்பெனிதான் மோடவுன் என்ற ஸோல் சாம்ராஜ்யம் ஆயிற்று, அதே நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் 1980களில் டெக்னோவை உருவாக்கினார்கள். ஸோலும் எலக்ட்ரானிக்கும் ஒரே கார் நகரத்தில் பிறந்திருக்கின்றன. சென்னைக்கும் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டம் உண்டு. பொருத்தம் பார்த்தால் பத்தும் இருக்கிறது போலத் தோன்றும்.

தோன்றுவதோடு சரி. அந்தப் பட்டத்தைச் சென்னைக்கு வாங்கித் தந்த கார் ஆலைகள் 1990களில் மறைமலைநகரிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வந்தவை, வடக்கே அல்ல. ஆலைச் சத்தம் மட்டுமே ராக்கைத் தரும் என்றால் 1950களிலேயே தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் ஒரு ராக் குழு பிறந்திருக்க வேண்டும். கிடார் ஊரில் இல்லாமலும் இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்திலும், பெரம்பூரிலும் ரயில்வேயை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் மேற்கத்திய வாத்தியமும் நடன இசையும் புழங்கின. அடுத்தடுத்த தெருக்களில் ஒரு பக்கம் கிடார், மறுபக்கம் டேப்பு. இரண்டும் அத்தனை காலம் அக்கம்பக்கமாக இருந்தும் ஏன் பெரிதாகச் சேரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சாதியும் மொழியும் கோயிலும் தேவாலயமும் வகுத்த வேலிகளை ஆலைச் சங்கு உடைக்கவில்லை.

கானாவுக்குள் ஓர் இயந்திரம் வாத்தியமாகவே நுழைந்தது என்றால் அது ரயில்பெட்டி. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயில்களில் கல்லூரி மாணவர்கள் பெட்டியின் தகரச் சுவரைத் தட்டிப் பாடும் ரூட்டு கானாவில், தண்டவாளத்தின் ஓட்டம் தாளத்துக்கு அடிநாதம். அதைத் தொழிற்சாலை இசை என்று சொல்லலாமா, பயணப் பாட்டு என்று சொல்வதே பொருத்தமா என்பதில் கருத்து வேறுபடலாம்.

கூட்டாகச் சேர்ந்தவர்களின் பதில்

கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பெயர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர் அவர். அவரிடமிருந்து பெயர் எடுத்த குழுவின் பதில் இப்படி அமைகிறது: கிடார் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. கானாவைச் சாவு வீட்டிலேயே இரு என்று சொல்வதும், பறையைத் தீட்டு வாத்தியமாகவே வைத்திருப்பதும் ஒரே மனநிலையின் இரண்டு முகங்கள். ஆகவே கலப்பு என்பது ரசனைத் தேர்வு மட்டுமல்ல, மேடை உரிமை.

இதே நகரத்தில் 'இண்டி' என்ற சொல் அதற்கு முன் எதைக் குறித்தது என்று பார்த்தால் இந்தப் பதிலின் கனம் புரியும். 2012இல் சென்னையில் உருவான தி எஃப்16ஸ் ராக், சின்தசைசர், ஃபங்க் சாயல்களைக் கலந்து ஆங்கிலத்தில் பாடும் குழு. அவர்களின் 'ட்ரிகர்புங்க்டே' 2016இல் வந்தது. பணக்காரர்களைத் தின்னும் நேரம் வந்துவிட்டதா என்று தலைப்பிலேயே கேட்கும் ஆங்கிலத் தொகுப்பு 2021இல் வந்தது. இசைத் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த இசையைக் கேட்பவருக்கு அது உருவான நகரம் சென்னை என்று தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. அப்படித் தெரியாமல் இருப்பதையே ஒரு நல்ல குணமாகக் கருதும் விமர்சகர்களும் உண்டு. உலக இசையில் ஊர் எதற்கு என்பது அவர்கள் வாதம். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இதற்கு நேர் எதிர்: ஊர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை.

கூட்டின் மீதான விமர்சனங்களையும் பதிவு செய்ய வேண்டும். செய்தி முந்திக்கொண்டு இசை பின்தங்குகிறது என்பது ஒன்று. ராப்பும் ராக்கும் முன்வரிசையில் நிற்க, கானா சில இடங்களில் மணம் சேர்க்கும் தாளிப்பாகிவிடுகிறது என்பது இரண்டு. குழு தொடங்கியபோது 19 பேரில் பெண் ஒருவர்தான் என்பது மூன்று. அந்த ஒருவர் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். ஏறக்குறைய முழுக்க ஆண்களுடையதாக இருந்த கானாவில் ஒரு பெண் குரல் முன்னணிக்கு வந்தது சாவுப் பந்தலிலிருந்து அல்ல, இந்தக் கலப்பு மேடையிலிருந்துதான் என்பதைத் தூய்மை பேசுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இதே தருக்கத்தைக் காலண்டருக்கும் நீட்டியது: மேடை மட்டுமல்ல, சபாக்களின் மாதமும் பொதுச்சொத்து.

ஸோல் என்ற ஒப்புமை

கானாவைத் தமிழ் ப்ளூஸ், தமிழ் ஸோல் என்று அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இதன் பின்னால் ஓர் அரசியல் வம்சாவளி இருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் பிளாக் பாந்தர்கள்; அவர்களைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள். ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) நினா சிமோனா இளையராஜாவா என்ற காதலர் தகராறில் தொடங்குவது தற்செயல் அல்ல. அந்தப் படத்துக்கு இசை டென்மா.

ஒப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது? பிறப்பில் பொருந்துகிறது என்று சொல்லலாம். 1954இல் ரே சார்ல்ஸ் ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினார். ஸோல் இசையின் தொடக்கம் என்று பலர் சுட்டுவது அந்தப் பதிவை. சடங்குப் பாட்டின் சூடு அப்படியே இருக்க, விளிக்கப்படுபவர் மட்டும் மாறுகிறார். மரண கானா ஒலித்தட்டுக்கு வரும்போதும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. இறந்தவர் பெயர் இருந்த இடம் காலியாகிறது. அங்கே கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அம்பேத்கரை வைத்தது. சினிமா நாயகனை வைத்தது. கல்லூரிக் கானா காதலியை வைத்தது.

இசைக்குள் போனால் இடறல் தொடங்குகிறது. ஸோல், தேவாலய ஆர்கனிலிருந்து வந்த அடர்ந்த சுரக்கூட்டுகளின் மேல் நடக்கும் இசை. ஏழாம் சுரமும் ஒன்பதாம் சுரமும் சேர்ந்த அந்தக் கூட்டுகள் பாடுபவரின் ஒவ்வொரு சுரத்துக்கும் கணக்குக் கேட்கும். கானாவின் குரல் வேறு மாதிரி. உச்சத்தில் அழுத்திப் பிடித்து, சுரங்களுக்கு இடையே வழுக்கி, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்பது. அடர்ந்த கூட்டுக்குள் அதை வைத்தால் ஒன்று குரல் அபசுரமாகக் கேட்கும், அல்லது கணினியால் திருத்தப்பட்டுக் குணம் இழக்கும். ராக்கின் பவர் கார்டில் இந்தச் சிக்கல் குறைவு. அதில் ஆதாரச் சுரமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் இல்லை. தம்புராவைப் போல அது குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். ஸோலைவிட முரட்டு ராக் கானாவோடு ஒத்துப்போவதற்கு அரசியல் காரணம் தேட வேண்டாம். இதுவே போதும் என்று நினைக்கிறேன். ஸோல் வெற்றிகரமாக நுழைந்த இடங்களில் அது பெரும்பாலும் பேஸிலும் தாள அசைவிலும் நுழைந்திருக்கிறது, சுரக்கூட்டில் அல்ல.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஸோலை உலகறியச் செய்ததில் அரீதா ஃபிராங்க்ளின், நினா சிமோன் போன்ற பெண்களின் பங்கு பெரிது. கானாவுக்கு அந்த வரலாறு கிடையாது. ஒப்பாரி பெண்களுடையது, கானா ஆண்களுடையது என்ற சாவு வீட்டு வேலைப்பிரிவினையைக் கணக்கில் எடுக்காமல் ஒப்புமையை நீட்டுவது சரியல்ல.

பேடும் கீபோர்டும்

மின்னணு ஒலியைப் பற்றிய அச்சம்தான் எல்லாவற்றிலும் பலவீனமான கட்சி. ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த ஆக்டபேட், தமிழ்நாட்டின் மெல்லிசைக் குழுக்களில் 'பேட்' என்ற பெயரில் வீட்டுச் சாமானாகிவிட்டது. கோயில் திருவிழா, கட்சி மேடை, கல்யாண வரவேற்பு எங்கும் கீபோர்டும் பேடும்தான். கானாக் கச்சேரிகளும் விலக்கல்ல. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்க் கலைஞர் எம்.ஐ.ஏ. 'கலா' (2007) தொகுப்புக்காகச் சென்னையில் மேளக்காரர்களைப் பதிவு செய்து, அந்த உறுமி அடியை மின்னணு இசையின் முதுகெலும்பாக்கியபோது, உலக விமர்சகர்கள் அதைப் புதுமை என்றார்கள். இங்கே பேடில் உறுமிச் சத்தத்தைத் தட்டிக்கொண்டிருந்த வாசிப்பாளருக்கு அதில் என்ன புதுமை தெரிந்திருக்கும்!

சிக்கல் மின்சாரத்தில் இல்லை, கட்டத்தில் இருக்கிறது. கணினியில் தாளம் கட்டும்போது ஒவ்வோர் அடியும் சமமான கட்டத்துக்குள் விழுகிறது. டப்பாங்குத்தின் மூன்று மூன்றாக உருளும் நடையில் எந்த அடியும் அப்படிச் சமமாக விழுவதில்லை. சட்டி அடிப்பவர் சற்று முந்துவார், மோளம் சற்றுப் பிந்தும், அந்த இடைவெளியில்தான் ஆட்டம். 2019இல் ராப் பாடகர் அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பு இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டியது. உருளும் நடையைக் கணினியில் போலி செய்யப் பார்க்காமல், தாளத்தை ஹிப்ஹாப் கட்டத்துக்கே விட்டுவிட்டு, முந்துவதையும் பிந்துவதையும் அறிவின் பேச்சுக்கு ஒப்படைத்தது. கலப்பு இசையில் எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்த பதிவுகள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

பெயர் போடும் இடம்

இதுவரை பார்த்த கட்சிகள் எல்லாம் இசையின் ரத்தவழியைப் பற்றிச் சண்டையிட்டன. கடந்த சில ஆண்டுகளில் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது: பாட்டு யாருடையது?

2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' இதற்கு முன்னோட்டம். எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் மேடுகளுக்கு நடுவே நின்று டி.எம். கிருஷ்ணா பாடினார், வரிகள் கபேர் வாசுகி, இசை ஆர்.கே. ஸ்ரீராம்குமார். மெட்ராஸ் பாஷையில் கர்நாடக ராகமாலிகை. சூழலியல் நோக்கில் அது செய்த வேலை மறுக்க முடியாதது. ஆயினும், எண்ணூரின் துயரத்தைச் சொல்ல எண்ணூர்க் குரல் இல்லையா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. அதற்கு எதிர்வாதமும் நியாயமானதே: கர்நாடக இசைக்காரர் சாம்பல் மேட்டுக்கு வந்ததால்தான், அதுவரை எண்ணூர் எந்தத் திசை என்று கேட்டவர்கள் காது கொடுத்தார்கள். அதே கபேர் வாசுகியும் டென்மாவும் 'குரங்கன்' என்ற குழுவில் சேர்ந்து இயங்கியவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைகளைச் செய்தவர்களின் வட்டம் சிறியது.

2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. மூன்று வாரம் கழித்து, மார்ச் 7 அன்று, 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. ஒப்பாரிச் சாயல், மின்தாளம், பாடகி தீயின் ஸோல் சாயல் கொண்ட குரல், அறிவின் ராப், சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பு: இந்தக் கட்டுரையில் பேசிய எல்லாக் கலப்பும் ஒரே பாட்டில், கனடாத் தமிழர்களின் மாஜா நிறுவன வெளியீடாக. பாட்டின் அடியில் இருந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கில இசை இதழொன்றின் அட்டையில் அறிவு இல்லாததும், 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாடல் அரங்கேறியதும் பெரும் விவாதமாயின. பாடலை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுத, கூட்டாக உருவானது என்று மற்ற இருவரும் விளக்கினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், பாட்டின் வருமானம் தங்கள் யாருக்குமே வந்துசேரவில்லை என்று அறிவித்தபோது சண்டையின் திசையே மாறிவிட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. கவனிக்க வேண்டியது ஒன்று. சாவு வீட்டில் பாடகருக்குக் கூலி உண்டு, பெயர் உண்டு, உரிமை கிடையாது. மெட்டு யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒலித்தட்டில் எழுதியவர், இசைத்தவர், தயாரித்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் இருக்கிறது. மெட்டு, தாளம், சொல் மூன்றும் ஒருவர் வாயிலேயே ஒரே நேரத்தில் பிறக்கும் மரபை இந்தக் கட்டங்களுக்குள் பிரித்துப் போட முயலும்போது, கிழியாமல் பிரிக்க முடிவதில்லை.

தீராதவை

கலப்பு கானாவைக் கெடுக்கிறது என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்பது கடினம். கலப்பு மட்டுமே விடுதலை என்ற வாதமும், கட்டங்களின் கணக்கைப் பார்த்தபின், முன்போல உறுதியாக ஒலிப்பதில்லை. ஆலைச் சங்குக் கோட்பாட்டை அழகான உவமையாக வைத்துக்கொள்ளலாம். ஸோல் ஒப்புமை, பெண் குரலையும் சுரக்கூட்டையும் பற்றிய திருத்தங்களோடு, பயன்படக்கூடியது.

மிஞ்சி நிற்பவை வேறு கேள்விகள். கிடாரோடு பாடிப் பெயர் வாங்கியவர் தெருவுக்குத் திரும்பி ஒரு சாவு வீட்டில் பாடும்போது, கேட்பவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள்: அந்த வீட்டுப் பெயர் வரும் பாட்டையா, தொலைபேசியில் ஏற்கெனவே கேட்ட பாட்டையா? ஒலித்தட்டின் மெட்டுகள் மரண கானாவுக்குள் திரும்பிப் பாய்ந்தால், அவை மறுபடி யாருக்கும் சொந்தமில்லாத மெட்டுகள் ஆகிவிடுமா, உரிமைத்தொகை கேட்டு யாராவது பந்தல் வாசலுக்கு வருவார்களா? இசைவாணிக்குப் பிறகு வரும் பெண்கள் ஒப்பாரியின் உரிமையோடு கானாவுக்குள் நுழைவார்களா, ராப்பின் வாசல் வழியாகவா? பெரிய மேடைகள் இன்னும் பெரும்பாலும் கூவத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும்தான். விம்கோ நகர்ப் பையன் ஒருவன் தன் தெருவின் பாட்டை ராக் குழுவோடு கேட்க வேண்டுமானால் இன்றைக்கும் டிக்கெட் எடுத்து ரயில் ஏற வேண்டியிருக்கிறது.